நான்கு முறை கேட்கப்பட்ட ஒரே கேள்வி

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்குச் சென்னை விமான நிலைய வாசலில் எங்கள் பயணம் தொடங்கியது. பத்தரை மணிக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அது நின்றுபோனது. புதிய கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட டிரெய்லர் ஒன்று, திரும்ப முயன்று முடியாமல் சாலையின் குறுக்கே நின்றிருந்தது. அதன் மேல் ஆறு வெள்ளைக் கார்கள், கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல், எங்களைப் போலவே காத்திருந்தன.

"இன்னா மேடம் பண்றது, குறுக்கால நின்னுகினு கீது," என்றார் ஓட்டுநர் பாஸ்கர். "வாங்க, ஒரு டீ அடிச்சிட்டு வந்துடலாம்."

சாலையோரக் கடையில் தேநீர் சிறிய கண்ணாடிக் குவளையில் வந்தது. மலேசியாவில், எங்கள் பினாங்கில் இதைவிட இரு மடங்கு பெரிய குவளையில், இதைவிட இரு மடங்கு இனிப்பாகத் தருவார்கள். இங்கே இஞ்சி தொண்டையைச் சுட்டது. நான் இரண்டாவது குவளை கேட்டேன். அப்படிக் கேட்பது என் வழக்கமில்லை.

என்னுடன் வந்தவர் திருமதி லிம். கோலாலம்பூரில் இருந்து இயங்கும் கூட்டு நிதி ஒன்றின் ஒருங்கிணைப்பாளர். நான்கு நாடுகளின் கொடை நிறுவனங்கள் தனித்தனியே தந்துவந்த பணத்தை ஒரே நிதியில் சேர்த்து, பல நாடுகளில் அந்தந்த நாட்டின் வறுமை ஒழிப்புத் திட்டத்தோடு இசைந்து செலவிடச் செய்வது அவர் பணி. நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். தமிழ் இலக்கியம் படிக்கும் முதுகலை மாணவிக்கு விடுமுறையில் கிடைக்கக்கூடிய வேலைகளில் இதைவிடப் பொருத்தமானது இருக்க முடியாது. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் எனக்குப் பிடித்திருந்தது: சொன்னதில் எதையும் கூட்டக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது.

லிம் என்ன வேலை செய்கிறார் என்று பாஸ்கர் கேட்டார். நான் விளக்கினேன். அவர் ஏரிப் பக்கம் கையை நீட்டினார்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல எங்க வூட்ல இடுப்பளவு தண்ணி மேடம். தண்ணி வடிஞ்சதும் ஒதவி பண்றேன்னு நாலு குரூப்பு வந்தாங்க. நாலு பேரும் ஆளுக்கொரு பாய் குடுத்தாங்க. அரிசி ஒருத்தரும் குடுக்கல. நாலு பாயையும் அடுக்கிப் போட்டுப் பசியோட படுத்துகினோம்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். லிம் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவருக்குச் சொல், என் வேலை என்ன என்பதை என் அலுவலகத்தின் விளக்கக் கையேட்டைவிட இவர் நன்றாகச் சொல்லிவிட்டார்," என்றார்.

டிரெய்லர் நேரானபோது பன்னிரண்டு ஆகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் தங்கும் விடுதியின் இரண்டாம் மாடியில் எங்களுக்கு அறைகள். ஒரு சன்னலில் கோயில் மணி கேட்டது. மறு சன்னலில் கொரிய எழுத்தில் ஒரு உணவகப் பலகை தெரிந்தது. தெருவில் நடப்பவர்கள் கழுத்தில் எல்லாம் நிறுவன அடையாள அட்டை. கோயிலில் தீர்த்தம் வாங்கக் குனிந்தவர் கழுத்திலும் அது ஊஞ்சலாடியது. மாலையில் லிம், நான் தடுத்தும் கேளாமல், தள்ளுவண்டியில் மூன்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிய, "பினாங்கு மிளகாய்க்குப் பயப்படாதவள் நான்," என்றார்.

அன்று மாலை, மறுநாளுக்கான கேள்விப் படிவத்தை அவர் என்னிடம் தந்தார். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஒரகடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களை இந்த நிதி நடத்துகிறது. அவற்றை அடுத்த ஆண்டும் தொடர்வதா, எந்த விதியில் தொடர்வதா என்பதை இந்தப் படிவம் முடிவு செய்யும்.

படித்துப் பார்த்துவிட்டு, "ஏழாவது கேள்வியும் முப்பத்தொன்றாவதும் ஒன்றுதானே?" என்றேன்.

"ஐம்பத்தெட்டும் தொண்ணூற்றாறும்கூட அதுவே."

"ஏன் நீக்கவில்லை?"

லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்கு நாடுகளின் பணத்தை ஒன்றாக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. நான்கு கேள்வித்தாள்களை ஒன்றாக்க முடியவில்லை. பணத்தை விட்டுக்கொடுப்பார்கள், கேள்வியை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே நான்கையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்."

அந்த ஒரே கேள்வி இதுதான்: மையம் காலையில் எப்போது திறக்கிறது?

மறுநாள் புதன்கிழமை, வல்லம் வடகாலைத் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனோம். ஆலை மதில், அதை ஒட்டிக் கொஞ்சம் நெல் வயல், மறுபடியும் ஆலை மதில், பிறகு வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாதுகாப்புக் காலணிகள் வெயிலில் காய்ந்தன. மையம், சிறிய தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடம். அதன் முன்சுவரில் நான்கு ஆணிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஆணியில் மட்டும் கூட்டு நிதியின் பலகை. மற்ற மூன்றிலும் குழந்தைகளின் தண்ணீர்ப் புட்டிகள்.

"முன்னாடி நாலு போர்டு," என்றார் மையப் பொறுப்பாளர் ஸ்டெல்லா, நாற்பது வயது மதிக்கத்தக்க, சுருக்கமாகப் பேசும் பெண்மணி. "எந்த நாட்டுக்காரங்க வர்றாங்களோ அவங்க போர்ட மேல் ஆணிக்கு மாத்தணும். ஒரு தடவ மாத்த மறந்துட்டோம். வந்தவங்க போட்டோவே எடுக்கல."

சமைப்பதும் பிள்ளைகளைத் தூங்கவைப்பதும் உதவியாளர் கன்னியம்மாவின் வேலை. முருங்கைக்கீரை போட்ட சாம்பார் சாதம் தந்தார். பினாங்குச் சாம்பாரைவிட இதில் புளி குறைவு, காரம் வெளிப்படை. அவர் சாப்பிடாமல் பரிமாறிக்கொண்டே இருந்ததால், "நீங்கள் பசியாறிவிட்டீர்களா, அக்கா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம்.

கன்னியம்மா கரண்டியை நிறுத்தினார். "ஸ்டெல்லா, கேட்டியா? பசியாறிட்டீங்களானு கேக்குது. டீவில நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுதுபா இந்தப் பொண்ணு. ஆனா நல்லா கீது. இன்னோரு தபா சொல்லும்மா."

இன்னொரு முறை சொன்னேன். எனக்குக் காது சூடானது, ஆனாலும் வருத்தமில்லை.

மூன்று மணிக்கு நிறுவனப் பேருந்து வந்து நின்றது. முதல் ஷிப்டு முடிந்த பெண்கள் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் தேவி. சாம்பல் நிற மேலங்கி, கொண்டையின் மேல் வலைத் தொப்பி, இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. ஒரகடத்தில் காருக்கான கம்பி வடங்கள் கட்டும் ஆலையில் ஒப்பந்தப் பணி. இரண்டரை வயது மகள் யாழினி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். தாய்மார்களின் சார்பில் பதில் சொல்லத் தேவியைத்தான் நியமித்திருந்தார்கள்.

ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

"எட்டு மணிக்கு மேடம்," என்றார் தேவி, பாடம் ஒப்பிப்பதைப் போல. லிம் எழுதிக்கொண்டார்.

உணவு, எடை, தடுப்பூசி என்று கேள்விகள் நகர்ந்தன. முப்பத்தொன்று: குழந்தை மையத்துக்கு வந்துசேரும் நேரம் யாது? தேவி என்னைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். "ஏழரைக்கே வந்துடும்," என்றார்.

ஐம்பத்தெட்டு: தாய் வேலைக்குப் புறப்படுமுன் குழந்தையை எப்போது ஒப்படைக்கிறார்? இப்போது அவர் நெற்றி வியர்த்தது. "ஆறு... ஆறு மணினு வெச்சிக்கோங்க."

மூலையில் இருந்த ஸ்டெல்லா எழுந்து நின்றார். நான் அடுத்த கேள்விகளுக்குப் போனேன். என் கடமை வரிசையாகப் போவது. தொண்ணூற்றாறு: பணியாளர் கதவைத் திறக்கும் நேரத்தைக் குறிப்பிடுக.

தேவி மகளை மடியில் இறுக்கிக்கொண்டார். "நாலே முக்கால் மேடம். நாலே முக்காலுக்குத் தொறப்பாங்க. அவ்ளோதான், அதுக்கு மேல கொறைக்க முடியாது!"

"அடிப்பாவி!" என்றார் கன்னியம்மா.

"நான் இன்னாக்கா பண்றது? நாலாவது தபா கேக்குதே! லைன்ல ஒரே பீஸ ரெண்டாவது தபா செக் பண்ணா இன்னா அர்த்தம்? அதுல டிபெக்ட் கீதுனு அர்த்தம். நாலு தபா செக் பண்ணா சூப்பர்வைசர் கண்டுபுடிச்சிட்டான்னு அர்த்தம். இவங்க ஏற்கெனவே தெரிஞ்சிகினுதான் கேக்குறாங்கனு நெனச்சேன்."

லிம் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "எட்டு மணி" என்று நான் சொல்லியிருந்தால் எட்டு மணிதான். நான் எத்தனை நொடிகள் தயங்கினேன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் கணக்கிடத் தவறிய ஒன்று அது. பிறகு தேவி சொன்னதை, டிபெக்ட் உட்பட, முழுமையாக மொழிபெயர்த்தேன்.

"எழுதாதீங்கனு சொல்லும்மா," என்றார் ஸ்டெல்லா. குரல் மெலிந்திருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது. முதல் ஷிப்டு ஆறு மணிக்கு, பேருந்து ஐந்துக்கு. ஆகவே கன்னியம்மா, மையத்தின் விதியில் இல்லாத நேரத்தில், நாலே முக்காலுக்குத் தனியாளாகக் கதவைத் திறந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்வார். விதிப்படி நேரம் எட்டு முதல் ஐந்து. அதற்கு வெளியே எந்த நேரமானாலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இரண்டு மழைக்காலங்களுக்கு முன், நான்கு நாட்டாரும் தனித்தனியே வந்துபோன காலத்தில், ஒரு பார்வையாளர் இதைக் கண்டறிந்தார். மையத்தை எட்டு மணிக்கு முன் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. முதல் ஷிப்டுக்குப் போக முடியாத தேவிக்கு அன்று இருந்த ஒப்பந்தம் போனது. கன்னியம்மா மறுபடி இரகசியமாகத் திறக்கத் தொடங்கிய பிறகு கிடைத்த இப்போதைய வேலையில் அவர் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

"மூணு ஷிப்டும் மாத்தி மாத்திப் போறவங்களதான் வெச்சிப்பாங்க," என்றார் தேவி, என்னைப் பாராமல். "உன் மேல கோவமில்ல. வாயி என்னுது."

என் அம்மா, பினாங்கின் ஆலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலை ஒன்றில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். சிறு வயதில், இரவு ஒரு வீட்டில் தூங்கிக் காலையில் வேறொரு வீட்டில் விழிப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பது என்று நம்பியிருந்தேன். இதை நான் அங்கே எவரிடமும் சொல்லவில்லை.

லிம் பேனாவை மூடி வைத்தார். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "இரண்டாவது பெரியவருக்கு என்ன வழி?"

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் தேவி நிமிர்ந்தார். "அது ஒரு மேட்டரா? நாங்க ஏ, பி, சி-னு வாராவாரம் மாறிகினே இருப்போம். இந்த வாரம் எனக்கு ஏ. எங்கூட வேல செய்ற மேரிக்கு பி. பி ஷிப்டுக்காரி மத்தியானம்தான் கெளம்புவா. காலைல வூட்லதான கீறா? அவ வந்து ஒக்காரட்டும். அடுத்த வாரம் நான் பி, நான் ஒக்கார்றேன். எந்த வாரமானாலும் எவளாச்சும் ஒருத்தி பி-ல இருப்பா."

"இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றார் லிம்.

"அப்போ யாரும் கேக்கல மேடம். மூடுனு மட்டும்தான் சொன்னாங்க."

வியாழக்கிழமை முழுவதும் விடுதி அறையில் கழிந்தது. மிளகாய் பஜ்ஜி தன் வேலையைக் காட்டிவிட்டதால் லிம் கட்டிலில் சாய்ந்தபடி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்துக்கொண்டே, மடிக்கணினியில் நான்கு கொடையாளர்களையும் ஒரே அழைப்பில் கூட்டினார். ஒருவருக்கு விடியற்காலை, ஒருவருக்கு மதிய உணவு நேரம். நான் சன்னலோரம் தயிர் சாதத்தோடு அமர்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"விதியை மீறியிருக்கிறார்கள்," என்றது ஒரு குரல்.

"எங்கள் பங்கு ஊட்டச்சத்துக்கு மட்டும்," என்றது இன்னொன்று.

"சேர்த்த பிறகு உங்கள் பங்கு என்று எதுவும் இல்லை," என்றார் லிம், படுத்தபடியே. "நிதியில் நான்கு நிறம் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை."

மூன்றாவது குரல் கொஞ்சம் எரிச்சலோடு வந்தது. "ஒரே தாய் ஒரே கேள்விக்கு நான்கு பதில் சொல்லியிருக்கிறாரே, இந்தத் தரவை எப்படி நம்புவது?"

"நீங்கள் நான்கு பேரும் கேட்டதால்தான் நான்காவது பதில் வந்தது. ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் எட்டு மணி என்று எழுதிக்கொண்டு நான் ஊர் திரும்பியிருப்பேன்." லிம் குவளையை வைக்கும் ஒலி கேட்டது. "அந்தப் பெண்களை இனி ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நிதியே உருவானது. இதுவரை அவர்களுக்கு நாம் தந்தது நான்கு பாய்கள். இப்போது அரிசியைப் பற்றிப் பேசுவோம்."

பாயின் கதை அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் முதல் குரல், அந்த நேரத்தில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள் என்று கேட்டது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முடிவு இப்படி அமைந்தது. மறுநாள் விடியற்காலை நேரில் பார்த்துப் புதிய படிவம் நிரப்ப வேண்டும். நாலே முக்காலுக்குக் கதவு திறக்கும்போது இரண்டு பெரியவர்கள் இருந்தால், அந்த நேரம் விதியில் சேர்க்கப்படும்; அதற்கான கூலியும் நிதியிலிருந்து வரும். ஒருவர் மட்டுமே இருந்தால், திங்கள் முதல் எட்டு மணிக்கு முன் கதவு திறக்கக் கூடாது. பார்வையாளரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்காவது குரல் இதை இரண்டு முறை வலியுறுத்தியது.

கட்டிலிலிருந்து எழ முயன்ற லிம் மறுபடி சாய்ந்தார். "நீ போ," என்றார். "நீதான் எதையும் கூட்டவும் மாட்டாய், குறைக்கவும் மாட்டாய்."

உடனே ஸ்டெல்லாவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன். "மேரிகிட்ட சொல்லிடறேன்," என்றார். "அவ தூங்கினா தூங்குவா. நீயும் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கம்மா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குப் பாஸ்கர் வண்டியோடு நின்றிருந்தார். "ஏ ஷிப்டா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். சாலை முழுவதும் நிறுவனப் பேருந்துகள், உள்ளே நீல விளக்கு, சன்னல்களில் சாய்ந்து தூங்கும் தலைகள். பினாங்குப் பாலத்தருகே நான் பார்த்து வளர்ந்த பேருந்துகளும் இவைதான். எழுதியிருக்கும் பெயர்கள் மட்டும் வேறு.

நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்குக் கன்னியம்மா சாவியோடு வந்தார். நாற்பதுக்கு, துண்டில் சுற்றிய குழந்தைகளோடு இரண்டு தாய்மார்கள் வந்தார்கள். நாற்பத்திரண்டுக்கு யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு தேவி வந்தார். மேரி வரவில்லை.

"போன் எடுக்க மாட்டேன்றா," என்றார் தேவி. தெருவின் முனையையே பார்த்தார். "வருவா."

கன்னியம்மா சாவியைப் பூட்டில் நுழைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என் கைக்கடிகாரத்தை நான் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நாற்பத்து நான்கு.

வரிசை வீடுகளின் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாயில் கொண்டை ஊசியைக் கடித்தபடி ஒரு பெண் ஓடிவந்தார்.

"வர்ற நேரமாடி இது?" என்றார் தேவி.

"கரெக்ட்டா நாலே முக்கால்தானே சொன்ன? முன்னாடி வந்தா ஓவர்டைம் காசு குடுப்பியா?" என்றார் மேரி, ஊசியை எடுத்துவிட்டு.

கன்னியம்மா பூட்டைத் திறந்தார்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மேரி பாய்களை விரித்தார். கன்னியம்மா இரண்டு குழந்தைகளை வாங்கிப் படுக்கவைத்தார். பேருந்து ஹாரன் அடித்தது. அருகில் இருந்தவள் நான் என்பதால், தேவி யாழினியை என் தோளுக்கு மாற்றிவிட்டு, "தலையப் புடி, தலைய," என்று சொல்லியபடியே ஓடினார். குழந்தை விழிக்கவில்லை. தோள் மாறியதுகூடத் தெரியாமல் என் கழுத்தில் மூச்சு விட்டது.

சற்று நேரம் எழுத எனக்குக் கை இல்லை. பேருந்து திரும்பி மறைந்த பிறகு படியில் அமர்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து, வலது கையை மட்டும் மெல்ல விடுவித்துக்கொண்டேன். உள்ளே இருந்த பெரியவர்கள்: இருவர். என்னைச் சேர்க்கவில்லை. பிறகு ஏழு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று நான்கு இடங்களிலும் நாலே முக்கால் என்று எழுதினேன்.

கடைசி இடத்தை எழுதி முடிக்கும்போது யாழினி கண்ணைத் திறந்தாள். தன் அம்மாவுடையது அல்லாத இந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் விரல்களுக்கு நடுவிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.